நிலவிளக்கும் எலுமிச்சை உப்பும்: நாலு வருஷ அனுபவம்

எங்கள் வீடு மார்த்தாண்டத்தில். பூஜையறையில் நிற்கிற பித்தளை நிலவிளக்கு (கேரளப் பாணிக் குத்துவிளக்கு), மாமியார் பாறசாலையிலிருந்து சீர்வரிசையாகக் கொண்டுவந்தது. அடி, தண்டு, தட்டு, குமிழ் என்று நாலு துண்டு, எல்லாம் மரையில் திருகுவது. தினமும் அந்திக்கு ஏற்றுகிறோம். நல்லெண்ணெய் வழிந்து மரைக்குள் இறங்கி, பிசின் போல இறுகிவிடும். பச்சைக் களிம்பும் சேர்ந்துகொண்டால் சுத்தம்! ஒருமுறை பைப் ரெஞ்ச் போட்டுத் திருகினேன். அந்தப் பல் தடம் தண்டில் இன்னும் இருக்கிறது. மாமியார் இன்னும் மறக்கவில்லை.

இப்போது ரெஞ்ச் தொடுவதில்லை. மரை இருக்கிற இடத்தில் கொதிநீரை மெதுவாக ஊற்றி, பழைய துண்டைச் சுற்றிப் பிடித்துத் திருகினால் ‘நொறுக்’கென்று விட்டுக்கொடுக்கும். மரைக்குள் பழைய பல்துலக்கி. கழுவி நன்றாகக் காய்ந்த பிறகு விரல் நுனியில் தேங்காய் எண்ணெய் தொட்டு மரையில் ஒரு சுற்று. நல்லெண்ணெய் மாதிரி அது பிசினாகாது. நாலு வருஷமாக வெறுங்கையாலேயே கழற்றுகிறேன்.

பளபளப்புக்கு எலுமிச்சை உப்பு, அதாவது சிட்ரிக் அமிலம். ஒரு லிட்டர் வெந்நீருக்கு ஒரு தேக்கரண்டி, பத்து நிமிஷம், அவ்வளவுதான். ஒருநாள் கிண்டியை (மூக்கு வைத்த பித்தளைச் சொம்பு) ஊறப்போட்டு மறந்து தூங்கிவிட்டேன். காலையில் பார்த்தால் அங்கங்கே செம்பு நிறத் திட்டுகள். பித்தளை என்பது செம்பும் துத்தநாகமும். புளிப்பு நீரில் நெடுநேரம் கிடந்தால் துத்தநாகம் முதலில் கரைந்துவிடும். தேய்த்துத் தேய்த்துத்தான் அந்தச் சிவப்பு போனது.

கடையில் வாங்கிய ஒரு திரவம் ஒரே துடைப்பில் மின்னவைத்தது. ஆனால் மூக்கைத் துளைக்கும் அம்மோனியா நெடி. அதை விட்டுவிட்டேன். வெள்ளைக்காரன் காலத்தில் இந்தியாவில் குதிரை லாயங்களில் வைத்திருந்த துப்பாக்கித் தோட்டாக்களின் பித்தளைக் கூடுகள் மழைக்காலத்தில் தானாகவே விரிசல் விட்டன. குதிரை மூத்திரத்தின் அம்மோனியாதான் காரணம் என்று 1921இல் விளக்கினார்கள். தகட்டை இழுத்து உருவாக்கிய பித்தளைக்குள் இறுக்கம் தங்கியிருக்கும், அம்மோனியா பட்டால் அங்கே பிளக்கும். வார்த்துச் செய்த விளக்குக்கு அவ்வளவு பயமில்லை. தகட்டில் அடித்த குடம், சொம்புக்கெல்லாம் எதற்கு வம்பு?

மாமியார் இதில் எதையும் ஏற்கவில்லை. அவருக்குப் புளியும் சாம்பலும்தான். புளியிலும் இருப்பது அமிலம்தானே, அதனால் நானும் வாதாடுவதில்லை. மரைக்கு மட்டும் தேங்காய் எண்ணெயை அவரே கேட்டு வாங்கிக்கொள்கிறார்.