கை ரிஃப்ராக்டோமீட்டர்: தானே கழிமுகத்துக்குப் பிள்ளைகளோடு போகிறவர்கள் வாங்கலாமா?

மும்பையின் ஐரோலி, வாஷி, முலுண்டு பக்கமிருந்து மாணவர்களைத் தானே கழிமுகத்துக்கு அழைத்துப் போகிற தமிழ் ஆசிரியர்கள் பலரும் பூநாரைகளைக் காட்டியதோடு திரும்பிவிடுகிறார்கள். 2015-இல் சரணாலயமாகவும் 2022-இல் ராம்சர் தலமாகவும் (உலக அளவில் முக்கியமான ஈரநிலம்) அறிவிக்கப்பட்ட இடம். அங்கே சேற்றின் உப்பையும் பிள்ளைகள் தம் கையால் அளக்க வேண்டும். அதற்கு ஒரே ஒரு கருவிக்குத்தான் காசு இருக்கிறதென்றால் கை ரிஃப்ராக்டோமீட்டரை வாங்குங்கள். ஒரு சொட்டு நீர் ஒளியை எவ்வளவு வளைக்கிறது என்பதைக் கொண்டு அதன் உப்பைக் காட்டும் கருவி இது.

நீரில் கரைந்த உப்பை அளக்கும் மலிவான டிடிஎஸ் பேனா இங்கே உதவாது. பெரும்பாலானவை 9,990 பிபிஎம்மில் (பத்து லட்சத்தில் இத்தனை பங்கு) நின்றுவிடும். கடல்நீரோ 35,000 அளவில், அதாவது ஆயிரத்துக்கு 35 பங்கு, இருக்கிறது. மிதக்கும் ஆழத்தைக் கொண்டு உப்பைக் காட்டும் மிதவைமானிக்குக் குவளை நிறையத் தெளிந்த நீர் வேண்டும். ரிஃப்ராக்டோமீட்டருக்கு இரண்டு சொட்டு போதும், பேட்டரியும் வேண்டாம். நண்டு வளையில் ஊசிக்குழாயால் உறிஞ்சிய நீரையும் கழிமுக நீரையும் அடுத்தடுத்து வைத்துப் பார்க்கலாம். கோடையில் மேட்டுச் சேற்றின் நீர் ஆவியாகி உப்பு ஏறிக்கிடக்கும். அங்கே வெண்கண்டல் என்ற அலையாத்தி மரம் ஏன் குட்டையாக நிற்கிறது, அதன் இலையை நக்கினால் ஏன் கரிக்கிறது என்பதெல்லாம் அந்த இரண்டு எண்களைப் பார்த்ததும் பிள்ளைகளுக்கே விளங்கும். எந்தப் பாடப்புத்தகப் படமும் இதைச் செய்யாது. (தில்லை மரத்தின் இலையைத் தொடவிடாதீர்கள். பால் கண்ணில் பட்டால் ஆபத்து.)

குறை அளவுகோலில் இருக்கிறது. பெட்டியில் கடல்நீருக்கு என்று போட்டிருந்தாலும், பல கருவிகளின் கோடுகள் சாதாரண உப்புக் கரைசலை வைத்து அச்சிட்டவை. வாலைவடிநீரில் 0 சரியாகக் காட்டுகிற கருவி, ஆயிரத்துக்கு 35 உப்புள்ள கடல்நீரைச் சுமார் 36.5 என்று காட்டும். ஆகவே 0-இல் மட்டும் சரிபார்த்துவிட்டு நிறுத்தாதீர்கள். நகைத் தராசில் 3.65 கிராம் பொடியுப்பு, 96.35 கிராம் வாலைவடிநீர் நிறுத்துக் கலக்கி, ஒரு சொட்டு வைத்து, நீலமும் வெள்ளையும் சேரும் கோடு 35-இல் நிற்கும்படி கருவியின் திருகாணியைத் திருப்புங்கள். கல்லுப்பு வேண்டாம், அதில் ஈரம் இருக்கும்; எடை தவறிவிடும்.

வெப்பநிலை மாறும்போது கருவி தானே அளவைச் சரிசெய்துகொள்ளும் வெப்ப ஈடு பொதுவாக 10 முதல் 30 டிகிரி செல்சியஸ் வரைதான். மும்பை மதிய வெயிலில் கருவியின் உலோக உடல் அதைத் தாண்டிச் சுடும். ஆகவே நிழலில் வைத்தே படியுங்கள். சொட்டின் மேல் மூடியைச் சாய்த்து மெல்ல இறக்கினால் குமிழி சிக்காது. பிறகு அரை நிமிடம் பொறுக்க வேண்டும். சேற்றுநீரை அப்படியே விட்டால் கோடு மங்கும், வடிதாளில் வடித்து விடுங்கள். மூடாமல் பேசிக்கொண்டிருந்தால் சொட்டு ஆவியாகி எண் ஏறும். ஐந்து பேருக்கு ஒரு கருவி, மாதிரிக்கு மூன்று வாசிப்பு என்று வைத்துக்கொண்டால் யார் கண்ணில் பிழை என்பது தெரிந்துவிடும்.

சரணாலய எல்லைக்குள் இறங்கி மாதிரி எடுக்க வனத்துறை அனுமதி வாங்கியே ஆகவேண்டும்.

கிராஃபோர்டு மார்க்கெட்டின் மீன்தொட்டிக் கடைகளில் கேட்டுப் பாருங்கள். 0 முதல் 100 வரை கோடு உள்ளதையே எடுங்கள். கடையிலேயே வெளிச்சத்துக்கு நேரே பிடித்து, கண்வில்லைக்குள் பனி படிந்திருக்கிறதா என்று பார்த்துவிட வேண்டும். வேலை முடிந்ததும் நன்னீரில் நனைத்த துணியால் கண்ணாடியை மட்டும் துடையுங்கள். குழாயடியில் காட்டினால் உள்ளே நீர் இறங்கும், அப்புறம் கோடே தெரியாது.