1964 பீட்டிலுக்கு 1600 இன்ஜின்: கிருஷ்ணகிரி பாய் பட்டறை எப்படி?

மொதல்லயே சொல்லிடறேன், பவர் மட்டும் ஏத்தணும்னு நெனச்சா இந்த பட்டறைக்கு போகாதீங்க, அதுக்கு பெங்களூர்ல இத விட சீக்கிரமா முடிச்சு குடுக்க ஆள் இருக்காங்க. இன்ஜினை கழட்டி அளந்து பாத்து, ஒழுங்கா காத்து போற மாதிரி பூட்டி தரணும்னா கண்ணை மூடிக்கிட்டு போகலாம். பட்டறை பேரு போட வேணாம்னு பாய் கண்டிப்பா சொல்லிட்டாரு, ஏற்கனவே அம்பாசிடரும் பழைய ஜீப்பும் வெளிய வெயில்ல வரிசை கட்டி நிக்குது. ராயக்கோட்டை மேம்பாலம் தாண்டி போய் யார்கிட்ட கேட்டாலும் கை காட்டுவாங்க.

என் வண்டி 1964 ஃபோக்ஸ்வேகன் பீட்டில், கம்பெனி போட்ட 1200 இன்ஜின், 1192 சிசி, 34 குதிரை சக்தி, 6 வோல்ட். டவுனுக்குள்ள, கேஆர்பி டேம் வரைக்கும் போயிட்டு வர எல்லாம் ராஜா மாதிரி போகும். ஆனா சேலத்துல இருந்து தொப்பூர் கணவாய் ஏறணும்னா மூணாவது கியர் இழுக்காது, ரெண்டாவதுல போட்டு ஊர்ந்தா பின்னாடி லாரிக்காரன் ஹார்ன்லயே நம்மள தள்ளுவான். இப்ப போட்டிருக்கறது 1600 ட்வின் போர்ட் (ஒவ்வொரு ஹெட்லயும் காத்தும் பெட்ரோலும் உள்ள போக ரெண்டு வழி), போர், அதாவது சிலிண்டர் அகலம் 85.5, ஸ்ட்ரோக், அதாவது பிஸ்டன் போய் வர்ற தூரம் 69 மில்லி, மொத்தம் 1584 சிசி, கேட்லாக்ல 50 குதிரை. ஏன் 1600னு கேக்கறவங்களுக்கு, மெக்ஸிகோவுல ப்யூப்லா ஃபேக்டரில 2003 ஜூலை வரைக்கும் பீட்டில் வந்துக்கிட்டே இருந்துச்சு, அதனால 1600க்கு பிஸ்டன் லைனர் செட்டு, பேரிங், ஹெட்டு எல்லாம் புதுசாவே கெடைக்குது, 1200க்கு அந்த அளவுக்கு கொடுப்பினை இல்ல.

பாகம் பாகமா பெங்களூர்ல ஒருத்தர்கிட்ட வாங்கி டிக்கில போட்டு கொண்டு வந்து எறக்குனேன். பீட்டிலுக்கு டிக்கி முன்னாடின்னு தெரியாத பட்டறை பசங்க பின்னாடி கதவை தொறந்து தேடுனது தனி காமெடி. பாய் காசு என்னன்னு பேசவே இல்ல, "தம்பி, தகடெல்லாம் எங்க?"ன்னு கேட்டாரு, அப்பவே ஆளு யாருன்னு புரிஞ்சு போச்சு.

ஏன்னா இந்த இன்ஜின்ல ரேடியேட்டர் கெடையாது, ஃபேன் மேல இருந்து குளிர்ந்த காத்தை இழுத்து சிலிண்டர் மேல அடிச்சு கீழ வெளிய தள்ளும். சுத்தி இருக்கற தகடும், ஓரத்துல ஓடற ரப்பர் பட்டையும்தான் மேல் காத்தையும் கீழ் காத்தையும் பிரிச்சு வைக்குது. அதுல ஒரு தகடு இல்லன்னாலும் கீழ போன சூட்டு காத்து திரும்ப மேல ஏறி அதையே ஃபேன் மறுபடி இழுக்கும், அப்பறம் இன்ஜின் வேகாம என்ன பண்ணும். எனக்கு முன்னாடி இந்த வண்டிய பாத்த வேற ஊர் மெக்கானிக் ஒருத்தரு பாதி தகடை "இது எதுக்கு சார், சும்மா சத்தம் போடுது"ன்னு கழட்டி எடைக்கு போட்டிருக்காரு. பாய் இல்லாத தகடையெல்லாம் அட்டையில வெட்டி அளவு பாத்து டின்கர்கிட்ட அடிச்சு வாங்கி மாட்டுனாரு, எனக்கு இந்த மொத்த வேலையில ரொம்ப பிடிச்சது இதான்.

ஆயில் கூலரும் அதே கதைதான். பழைய டைப்புல கூலர் ஃபேன் கூட்டுக்கு உள்ளயே நிக்கும், மூணாம் நம்பர் சிலிண்டருக்கு போற காத்தை மறிக்கும், அதனாலதான் பழைய பீட்டில்ல மூணாம் நம்பர் மொதல்ல போகும். 1971 மாடல்ல இருந்து கம்பெனியே கூலரை பின்னாடி தனி கூண்டுக்குள்ள தள்ளி வச்சு அதோட சூட்டை தனியா வெளிய விட்டுட்டான். பாய் அந்த கூண்டு டைப் ஃபேன் கூடு இல்லாம 1600ஐ பூட்டவே மாட்டேன்னு ஒத்தக்கால்ல நின்னாரு. நான் பழைய கூடே அழகா இருக்கேன்னு இழுத்தேன், அதுக்கு "அப்ப 1200ஏ ஓட்டிக்க"ன்னு சொல்லிட்டு டீ குடிக்க போயிட்டாரு. வாடிக்கையாளர் சேவைன்னு பாத்தா இது சுத்தமா சைபர், ஆனா சொன்னது சரி.

இன்ஜின் கேஸு மக்னீசியம், ஹெட் ஸ்டட்டு மரையோட பிடுங்கிக்கிட்டு வர்றது இதுல சாதாரணம், அதனால எல்லா ஓட்டைக்கும் உள்மரை போட வச்சாரு. மெயின் பேரிங் உக்கார்ற எடமெல்லாம் ஒரே நேர்கோட்டுல வர்ற மாதிரி கடைய, அதாவது லைன் போர் பண்ண, ஓசூர்ல ஒரு மிஷின் ஷாப்புக்கு அனுப்புனாரு, அங்க ஃபேக்டரி வேலை பாத்து பழகுன கைங்க, நூல் பிசகாம வந்துச்சு. கிராங்க் முன்ன பின்ன ஆடற ஆட்டம் 0.07ல இருந்து 0.13 மில்லிக்குள்ள இருக்கணும், மூணு ஷிம், அதாவது மெல்லிசு வளையம், மாத்தி மாத்தி போட்டு டயல் கேஜ் வச்சு பாத்து கடைசில 0.10ல நிறுத்துனாரு. ஃப்ளைவீல் நட்டுதான் செம, அதுக்கு கிட்டத்தட்ட 35 கிலோகிராம்-மீட்டர் டார்க் (முறுக்கற விசை) வேணும், அந்த அளவுக்கு ரெஞ்ச் இங்க யார்கிட்டயும் இல்ல, மாங்கா மண்டியில தொங்கவிடற தராசை வாங்கிட்டு வந்து ஆறடி பைப்பு முனையில மாட்டி 19 கிலோ காட்டற வரைக்கும் இழுத்தாங்க. கணக்கு போட்டு பாத்தேன், கரெக்டா வருது.

பூட்டறப்ப வர்ற சிக்கல பத்தி யாரும் சரியா சொல்றதில்ல. 6 வோல்ட் வண்டியில ஃப்ளைவீல் 109 பல்லு, கிளட்ச் 180 மில்லி, 1600க்கு போடற 12 வோல்ட் ஃப்ளைவீல் 130 பல்லு, கிளட்ச் 200 மில்லி. பெரிய ஃப்ளைவீல் பழைய கியர்பாக்ஸ் பெல் ஹவுசிங்ல (ஃப்ளைவீலையும் கிளட்சையும் மூடற கூடு) இடிக்கும், உள்ள கொஞ்சம் கிரைண்ட் பண்ணித்தான் ஆகணும், தூள் கியர்பாக்ஸுக்குள்ள போகாம துணி அடைச்சு பொறுமையா பண்ணாங்க. கிளட்ச் பிரஷர் பிளேட்டும் நடுவுல வளையம் இருக்கற பழைய டைப்புதான் நம்ம கியர்பாக்ஸுக்கு ஒத்து வரும், ஸ்டார்ட்டர் மாறுறதால புஷ்ஷும் மாறும். அப்பறம் பல்பு, காயில், ஃப்ளாஷர், வைப்பர் மோட்டார்னு எல்லாம் 12 வோல்ட்டுக்கு போகணும். பெட்ரோல் ஹோஸ் எல்லாத்தையும் எத்தனால் தாங்கற ஹோஸா மாத்திட்டாரு, பீட்டில் தீப்பிடிக்கறது பல நேரம் அந்த அரையடி ரப்பராலதான்.

ஓட்ட எப்படி? தொப்பூர் இப்ப மூணாவதுலயே ஏறுது, சூளகிரி மேடு டாப்லயே போகுது. ஆனா என் கியர்பாக்ஸ் 1200க்கான 4.375 ரேஷியோ (இந்த எண் கூடுனா இழுப்பு கூடும், அதே வேகத்துக்கு இன்ஜின் அதிகம் சுத்தும்), கம்பெனி 1500க்கு 4.125 குடுத்தான், அதனால எனக்கு இழுப்பு அதிகம், எண்பதுக்கு மேல போனா இன்ஜின் கத்துது. வேகமா போக போட்ட இன்ஜின் இல்ல இது, மேட்டுல மானம் காக்க போட்டது. பிரேக்கு நாலும் டிரம்தான், ஐரோப்பாவுல 1500 பீட்டிலுக்கு கம்பெனியே முன்னாடி டிஸ்க் குடுத்துச்சு, அது சும்மா குடுக்கல. தொப்பூர்ல எறங்கறப்ப அது நல்லாவே புரியுது, அடுத்த செலவு அதான். மைலேஜ் பத்தி கேக்காதீங்க.

கொறைன்னு பாத்தா நெறைய இருக்கு. ரொம்ப ரொம்ப லேட், மாங்கா சீசன்ல கூழ் ஃபேக்டரி வண்டிங்க வந்துட்டா நம்ம வண்டி மூலைக்கு போயிடும். பில்லு கெடையாது, ஒரு நோட்டுல எழுதறாரு, அளந்த அளவெல்லாம் அதே நோட்டுலதான் இருக்கு, அத மட்டும் போட்டோ எடுத்துக்கோங்க. வயரிங் வெளி ஆளு, அந்த தம்பி ஹார்னை 6 வோல்ட்லயே விட்டுட்டான், ரெண்டு நாள் பயங்கரமா கத்திட்டு செத்துப் போச்சு. கார்புரேட்டர் 34 பிக்ட், அதுக்கு வேக்குவம் (இன்ஜின் உறிஞ்சற இழுப்ப வச்சு ஸ்பார்க் நேரத்தை மாத்தறது) இல்லாத டிஸ்ட்ரிபியூட்டரை போட்டு குடுத்தாங்க, ஆக்ஸிலேட்டர் மிதிச்சா ஒரு நொடி முழிச்சிட்டுதான் கெளம்பும், வேக்குவம் டைப் மாத்துன பிறகுதான் சரியாச்சு, அதுக்கு கூலி வாங்கல. மெஷின் வேலையும் சாமானும் சேத்து ரெண்டு லட்சத்த தாண்டிடுச்சு, பாய் கூலி அதுல சின்ன பங்குதான்.

பேப்பர் வேலை நம்ம தலையில. இன்ஜின் நம்பரும் சிசியும் மாறுதுன்னா ஆர்டிஓ அனுமதி வாங்கி ஆர்சில ஏத்தணும், மோட்டார் வாகன சட்டம் 52வது பிரிவு, இன்சூரன்ஸுக்கும் சொல்லணும். இன்னொன்னு, 2021ல வந்த விண்டேஜ் விதியில 50 வருஷம் தாண்டுன வண்டிக்கு விஏ நம்பர் (விண்டேஜ் வண்டிக்குன்னு தனி நம்பர் வரிசை) வேணும்னா சேஸி, பாடி, இன்ஜின்ல பெரிய மாத்தம் இருக்கக்கூடாது. அந்த நம்பர் மேல ஆசை இருக்கறவங்க இந்த வேலைல எறங்கறதுக்கு முன்னாடி யோசிச்சுக்கோங்க. நான் பழைய 1200ஐ ஆயில் ஊத்தி சுத்தி கட்டி வீட்டுல வச்சிருக்கேன், விக்க மாட்டேன், யாரும் கேக்க வேணாம்.

போறவங்க போன் பண்ணி டைம் வீணாக்காதீங்க, எடுக்க மாட்டாரு. காலைல பத்து மணிக்கு மேல நேர்ல போங்க, ஜும்மா நேரம் பட்டறை மூடியிருக்கும், போறப்ப உங்ககிட்ட இருக்கற தகடு ஒன்னு விடாம பொறுக்கி சாக்குல போட்டு எடுத்துட்டு போங்க, துரு பிடிச்சதா இருந்தாலும் பரவால்ல, அச்சு எடுக்க அது போதும்.