நான்கு பேர் போதும்: ஈகிள்ஸ் முன்வரிசைக்கு என் மதிப்பெண்

அமெரிக்கக் கால்பந்து லீக்கான என்.எஃப்.எல்லில் ஆடும் பிலடெல்பியா ஈகிள்ஸின் 2024 சீசன் டிஃபென்சிவ் லைனுக்கு, அதாவது எதிரணி பந்தை வைத்திருக்கும்போது முன்னால் நின்று பாயும் வரிசைக்கு, பத்துக்கு ஒன்பது தருவேன். சீசன் முழுக்க அந்த அணி எடுத்த சாக் (பந்தை எறியும் குவார்ட்டர்பேக்கை, எறிவதற்கு முன்பே சாய்ப்பது) 41தான். அதைவிட அதிகம் எடுத்த அணிகள் லீக்கில் பல இருந்தன. அப்புறம் ஏன் ஒன்பது என்று கேட்பவர்கள், இதே அணியின் 2022 கணக்கை எடுத்துப் பார்க்கலாம்.

அந்த வருஷம் 70 சாக். ரெடிக்குக்கு 16; கிரஹாம், ஹார்கிரேவ், ஸ்வெட் மூவருக்கும் ஆளுக்கு 11. ஒரே அணியில் நால்வர் பத்தைத் தாண்டியது அதற்கு முன் நடந்ததே இல்லை. அந்தப் படை லீக்கின் ஃபைனலான சூப்பர் பௌலுக்குப் போய், கன்சாஸ் சிட்டி குவார்ட்டர்பேக் மஹோம்ஸை ஒரு தடவைகூட விழுத்தாமல் 35-38 என்று தோற்றுத் திரும்பியது. அரிசோனா மைதானத்தின் புல் வழுக்கியது என்று இன்னமும் சொல்கிறார்கள். கன்சாஸ் சிட்டிக்காரர்கள் ஓடியதும் அதே புல்லில்தானே!

2025 பிப்ரவரி 9, நியூ ஆர்லியன்ஸ். நமக்குத் திங்கள் விடிகாலை 5 மணி. மறுபடி சூப்பர் பௌல், எதிரில் அதே மஹோம்ஸ். ஈகிள்ஸின் டிஃபென்ஸ் பயிற்சியாளர் விக் ஃபேஞ்சியோ அன்று ஒரு பிளிட்ஸ்கூட (கூடுதல் ஆட்களைப் பாயவிடுவது) அனுப்பவில்லை. முன்வரிசை நால்வர் மட்டும் பாய்வார்கள், மீதி ஏழு பேரும் பின்னால் நின்று பந்தைப் பிடிக்க ஓடும் ரிசீவர்களைக் கவனிப்பார்கள். நால்வரால் ஆகவில்லை என்றால் இந்தத் திட்டம் குப்பைதான். குவார்ட்டர்பேக் நிதானமாக ஆளைத் தேடி எறிந்துவிடுவார். ஆனால் ஆறு சாக் விழுந்தது. ஸ்வெட்டுக்கு இரண்டரை, மில்டன் வில்லியம்ஸுக்கு இரண்டு. இடைவேளையில் 24-0, அதுவரை கன்சாஸ் சிட்டி நகர்ந்தது மொத்தமே 23 யார்டு.

இரண்டாம் குவார்ட்டரில் அடுத்தடுத்து இரண்டு சாக் வாங்கிய மஹோம்ஸ், மூன்றாவது டவுனில் (பந்தை நகர்த்தக் கிடைக்கும் நான்கு வாய்ப்புகளில் மூன்றாவது) 16 யார்டு தேவைப்படும் நிலையில் ஓடிக்கொண்டே எறிந்தார். ஈகிள்ஸின் கூப்பர் டிஜீன் அதைப் பிடித்து 38 யார்டு ஓடி, எல்லைக் கோட்டைத் தாண்டி டச்டவுன் போட்டார். அன்று அவருக்குப் பிறந்தநாள் வேறு. பேர் அவருக்குப் போனது, அதில் பாதியாவது முன்வரிசைக்குச் சேர வேண்டியது.

எதிரணியின் தடுப்பு வரிசையில் இடது ஓரமான டேக்கிள் இடத்தில், இயல்பில் உள்பக்கம் நிற்கும் கார்டான ஜோ துனி ஆடினார், அது ஈகிள்ஸுக்குச் சாதகம். சரி, அதைக் கணக்கில் எடுத்த பிறகும் ஒன்பதுதான்.

இந்த வரிசையில் எனக்குப் பிடித்தவர் 98ஆம் எண், ஜேலன் கார்ட்டர். அந்த ஃபைனலில் அவருக்கு ஒரு சாக்கும் இல்லை. அவரைத் தடுக்கவே அடிக்கடி இரண்டு பேர் தேவைப்பட்டதால், பக்கத்தில் இருப்பவர்களைத் தடுக்க ஆளுக்கு ஒருவர்தான் மிஞ்சினார். கார்ட்டரே முடித்துவைத்ததைப் பார்க்க வேண்டுமானால் அதற்கு முந்தைய மாதம், ஜனவரியில், ராம்ஸ் அணியுடன் நடந்த ஆட்டத்தின் கடைசி இரண்டு நிமிடம் போதும். பனி கொட்டுகிறது, ராம்ஸ் 22-28 பின்தங்கி ஈகிள்ஸின் 13ஆம் யார்டு கோட்டுக்கு வந்துவிட்டது. மூன்றாவது டவுனில் கார்ட்டர் நடுவே புகுந்து ராம்ஸ் குவார்ட்டர்பேக் ஸ்டாஃபோர்டைச் சாய்த்தார். நான்காவது டவுன் பாஸும் வீணானது. ஆட்டம் முடிந்தது.

குறைத்த ஒரு மதிப்பெண் பிரைஸ் ஹஃப் கணக்கில். மூன்று வருஷத்துக்கு 51 மில்லியன் டாலர் என்று எழுதி எட்ஜ் ரஷுக்காக (வரிசையின் ஓரத்திலிருந்து பாய) வாங்கினார்கள். சீசனில் இரண்டரை சாக், சூப்பர் பௌலில் ஆடுவோர் பட்டியலிலேயே இல்லை. வீட்டில் வளர்த்த ஸ்வெட்டும் வில்லியம்ஸும் ஃபைனலை ஜெயித்துக் கொடுத்த அடுத்த மாதமே, பெரிய சம்பளத்துக்கு ஒருவர் அரிசோனாவுக்கும் மற்றவர் நியூ இங்கிலாந்துக்கும் போய்விட்டார்கள்.

ரீப்ளே பார்க்கப் போகிறவர்கள் முதல் பாதியை மட்டும் பாருங்கள், பந்தை விட்டுவிட்டு 98 மேல் கண் வையுங்கள். கடைசிக் குவார்ட்டரில் கன்சாஸ் சிட்டி போட்ட டச்டவுன்கள், 40-22 என்ற ஸ்கோரைக் கொஞ்சம் கௌரவமாகக் காட்டத்தான் உதவின.