4050-ஆ, 4060-ஆ? சாரல் ஊரில் ரெண்டு கேமிங் லேப்டாப்

என் லேப்டாப்பில் இருப்பது ஆர்டிஎக்ஸ் 4050 கிராஃபிக்ஸ் கார்டு. அத்தை மகன் வாங்கியது 4060. ரெண்டும் 2023 மாடல். செங்கோட்டையில் ஒரே தெரு என்பதால் ஞாயிற்றுக்கிழமை பக்கத்தில் பக்கத்தில் வைத்துத்தான் விளையாடுவோம்.

ஓணம் ஆஃபரில் கேரளாவில் புனலூர், கொல்லம் பக்கம் போய் வாங்கினால் மலிவு என்று இங்கே எல்லாரும் சொல்வார்கள். ஜிஎஸ்டி ரெண்டு பக்கமும் அதே 18 சதவீதம்தான். கடைக்காரர் மனசு வைத்துக் குறைத்தால் உண்டு.

ஸ்டிக்கரில் இருக்கும் எண்ணைவிட வாட்டைப் பாருங்கள். இந்த ரெண்டு கார்டுக்கும் 35 முதல் 115 வரை எத்தனை வாட் கொடுப்பது என்பதை லேப்டாப் தயாரிப்பவர்கள்தான் முடிவு செய்கிறார்கள். மச்சானுடையது ஒல்லி மாடல், 75 வாட்டோடு சரி. என்னுடையது தடியன், 115 வரை அனுமதி உண்டு, ஆனால் 100-ஐத் தாண்டுவதே அபூர்வம். வாலரண்ட் மாதிரி லேசான கேம் ஆடும்போது எது 4050, எது 4060 என்று கண்ணைக் கட்டாமலே குழம்பலாம். வாங்கிய புதிதில் அவன் அடித்த பீத்தல் இருக்கிறதே!

ஆனால் சைபர்பங்க் 2077 மாதிரி கனமான கேம் போட்டால் கதை மாறிவிடும். டெக்ஸ்சரை (பரப்புகளின் நுணுக்கத்தை) ஏற்றி, வெளிச்சத்தை நிஜம்போலக் காட்டும் ரே டிரேசிங்கையும் போட்டால் என் கார்டின் 6 ஜிபி மெமரி நிரம்பி, தெருமுனை திரும்பும்போதெல்லாம் படம் திக்கும். அவனுடைய 8 ஜிபி அலுங்காமல் போகும். "ஏல மாப்ள, மீடியத்துக்கு எறக்குல" என்று சிரிப்பான். இறக்கத்தான் வேண்டும்.

பதிலுக்கு எனக்கு ரேம் ஸ்லாட் ரெண்டு. இன்னொரு ஸ்டிக் போட்டு டூயல் சேனல் (ரெண்டும் சேர்ந்து வேலை செய்வது) ஆக்கியதும் ஃபிரேம் சட்டென விழுவது குறைந்தது. அவனுக்கு ரேம் போர்டிலேயே பற்றவைத்தது, கூட்ட வழியில்லை.

ஆரியங்காவு கணவாய்க் காற்று ஜூன் முதல் சாரலை அள்ளி வரும். அறை குளிர்ந்து கிடப்பதால் ஃபேன் இரைச்சல் குறையும், அது லாபம். ஆனால் ஈரத்தில் தூசி ஒட்டிக்கொள்ளும். ஒரு ஆடியில் சூடு 95 டிகிரியைத் தொட்டபோது கழற்றிப் பார்த்தேன்: ஃபேனுக்கும் சூட்டை வெளியேற்றும் ஹீட்சிங்குக்கும் நடுவே சாம்பல் நிறத்தில் கம்பளித் துண்டு மாதிரி ஒரு படலம். வெளியிலிருந்து பிரஷ் போட்டால் எட்டாது, ஃபேனைத் தூக்கித்தான் உரிக்க வேண்டும். காற்றடித்துச் சுத்தம் செய்பவர்கள் இறக்கையை விரலால் பிடித்துக்கொள்ளுங்கள். தாறுமாறாகச் சுற்றினால் ஃபேன் போய்விடும்.

காற்று காலத்தில் கரண்ட் போவதும் சகஜம். பேட்டரிக்கு மாறியதும் ரெண்டுமே படுத்துவிடும், இதில் 4060 என்று தனிச் சலுகை கிடையாது. மற்றபடி எப்போதும் சார்ஜரிலேயே கிடப்பதால் சார்ஜை 80 சதவீதத்தில் நிறுத்தி வைத்திருக்கிறேன்.

100 வாட்டுக்கு மேல் கொடுக்கிற 4060 உங்கள் பட்ஜெட்டில் கிடைத்தால் யோசிக்காமல் எடுங்கள். 75 வாட் 4060-தான் கிடைக்கிறது, மேசையை விட்டு நகர்த்தப் போவதில்லை என்றால் நான் மறுபடியும் 4050 தடியனையே வாங்குவேன். மச்சான் தினமும் திருநெல்வேலிக்கு ரயிலில் காலேஜ் போகிறான். அடாப்டரோடு மூன்று கிலோ தாண்டுகிற என் பெட்டியை அவன் தோளில் போடச் சொன்னால் அத்தை என்னைச் சும்மா விடமாட்டாள்.