பெரிய டெக் கம்பெனியில் என்ஜினியர் வேலை: உள்ளே இருந்து ஒரு ரிவ்யூ

ஐந்துக்கு மூன்றரை. சம்பளத்தை மட்டும் பார்த்தால் நாலரை, மீட்டிங்குகளைப் பார்த்தால் இரண்டு. கம்பெனி பெயரைச் சொல்லப்போவதில்லை, இந்த சைஸ் கம்பெனிகள் எல்லாம் கிட்டத்தட்ட ஒரே அச்சில் வார்த்தவைதான்.

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன்: டூல்ஸ். ஒரு ஃபங்ஷனை (ஒரு வேலையைச் செய்யும் கோடு துண்டை) எங்கெங்கே பயன்படுத்துகிறார்கள் என்று தேடினால் நொடியில் விடை வரும், பில்ட், அதாவது கோடை ஓடும் புரோகிராமாக மாற்றும் வேலை, உங்கள் லேப்டாப்பைச் சூடாக்காமல் எங்கோ இருக்கும் மெஷின்களில் பிரிந்து ஓடும், டெஸ்ட் உடைந்தால் எந்த சேஞ்ச் உடைத்தது என்று அதுவே பிடித்துக் கொடுக்கும். கூகுள்காரர்கள் 2016ல் எழுதிய ஒரு கட்டுரையில் தங்கள் ஒற்றை ரெப்போவில் (எல்லா கோடையும் சேர்த்து வைக்கும் கிடங்கில்) சுமார் 200 கோடி வரி கோடு இருப்பதாகச் சொல்லியிருந்தார்கள். அந்த அளவுக்குப் போனபிறகு இதெல்லாம் சொகுசுக் கணக்கில் வராது, இல்லாவிட்டால் யாராலும் எதையும் தொடவே முடியாது. இந்த வகை டூல்களின் வாரிசுகள் வெளியேயும் கிடைக்கின்றன, புரோகிராம்களைப் பல மெஷின்களில் ஓட்டிப் பார்த்துக்கொள்ளும் குபர்நெட்டீஸ் 2014ல் வந்தது, பில்ட் செய்யும் பேசல் 2015ல். ஆனால் அதைப் பார்த்துக்கொள்ள என்றே ஒரு தனி டீம் இருக்கும் பாருங்கள், சின்ன கம்பெனிக்கு மாறிய நண்பர்கள் ஏங்குவது அதற்குத்தான்.

கோடு ரிவ்யூவும், அதாவது நீங்கள் எழுதியதை இன்னொருவர் சரிபார்ப்பதும், நல்ல அனுபவம், ரிவ்யூவர் நல்லவராக அமைந்தால். நான் உருப்படியாகக் கற்றுக்கொண்டதில் பாதி, என்னைவிட சீனியரான யாரோ ஒருவர் ‘தோற்றால் திரும்பத் திரும்ப முயலும் இந்த ரீட்ரை லூப், சர்வர் தடுமாறும்போது அதை இன்னும் அமுக்கிவிடும், யோசித்தாயா?’ என்று போட்ட கமெண்ட் மாதிரியானவற்றில் இருந்து வந்தது. சரி, அதே ரிவ்யூவர் வேறு டைம்ஸோனில் உட்கார்ந்திருந்தால்? ஒரு நாளைக்கு ஒரு கமெண்ட். திங்கட்கிழமை அனுப்பிய பத்து வரி சேஞ்ச், வேரியபிள் பெயரில் தகராறு முடிந்து வெள்ளிக்கிழமை உள்ளே போகும்.

உள்ளே போனாலும் பயனர் கையில் கிடைத்துவிடாது. எப்படிக் கட்டப்போகிறோம் என்று விளக்கும் டிசைன் டாக், செக்யூரிட்டி ரிவ்யூ, பிரைவசி ரிவ்யூ, அப்புறம் ஒரு ஃபிளாகுக்குப் (வசதியை ஆன், ஆஃப் செய்யும் சுவிட்சுக்குப்) பின்னால் ஒளித்து 1 சதவீதம், 10 சதவீதம் என்று மெதுவாகத் திறப்பது. காரணம் நியாயமானதுதான், 1 சதவீதமே பல லட்சம் பேராக இருக்கும் இடத்தில் துணிச்சலுக்கு விலை அதிகம். வேகமாகப் போ, உடைந்தால் உடையட்டும் என்று முழங்கிய ஃபேஸ்புக்கே 2014ல் அந்த முழக்கத்தை மாற்றிக்கொண்டது. நியாயம் புரிந்தாலும் எரிச்சல் குறையவில்லை.

புரமோஷன்தான் இந்த வேலையின் மோசமான பாகம். புதிதாக ஒன்றை லாஞ்ச் செய்தவருக்கு புரமோஷன் கேட்டு எழுத விஷயம் இருக்கிறது, ஏற்கெனவே ஓடுவதை விழாமல் பார்த்துக்கொண்டவருக்கு இல்லை. ஆகவே நன்றாக ஓடும் சிஸ்டத்துக்குப் பக்கத்திலேயே இன்னொன்று முளைக்கும், எழுதியவர் லெவல் ஏறி வேறு டீமுக்குப் போய்விடுவார், பழையதிலிருந்து புதியதற்கு மாற்றும் அரைகுறை மைக்ரேஷன் உங்கள் தலையில். ஊழியர்களை வளைகோட்டில் வரிசைப்படுத்தும் முறையை (இத்தனை பேர் மேலே, இத்தனை பேர் கீழே என்று முன்கூட்டியே ஒதுக்குவதை) மைக்ரோசாஃப்ட் 2013ல் கைவிட்டது, ஆனாலும் மேனேஜர்கள் கூடி உட்கார்ந்து யார் எங்கே என்று பேசும் காலிப்ரேஷன் கூட்டங்கள் இந்தத் துறையில் இன்னும் சகஜம். அங்கே உங்களுக்காகப் பேசுவது உங்கள் மேனேஜர். அவருக்கு உங்கள் வேலை புரியவில்லையென்றால் அவ்வளவுதான்.

பணம்? அதில் குறை சொன்னால் பாவம். ஆனால் ஆஃபர் லெட்டரில் இருக்கும் பெரிய எண்ணில் கணிசமான பங்கு ஷேர், அது பெரும்பாலும் நாலு வருடத்தில் பிரித்துக் கொடுக்கப்படும். அமேசானில் பல காலம் முதல் வருடம் 5, அடுத்தது 15, பிறகு 40, 40 சதவீதம் என்றுதான் இருந்தது. 2022ல் மெட்டா ஷேர் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு சரிந்தது, அந்த நவம்பரிலேயே 11,000 பேருக்கு மேல் வீட்டுக்கு அனுப்பினார்கள். அடுத்த ஜனவரியில் கூகுள் சுமார் 12,000 பேர். பெரிய கம்பெனி என்றால் நிலையான வேலை என்ற கணக்கை அப்போதே அழித்துவிட்டேன்.

இரண்டு மூன்று வருட அனுபவத்தோடு வருகிறவர்களுக்குத் தயங்காமல் சிபாரிசு செய்வேன். தனியாக ஒரு பொருளை அடி முதல் நுனி வரை கட்டிப் பார்க்க ஆசைப்படுபவர்களுக்கு வேண்டாம், இங்கே உங்கள் கைக்கு வருவது ஒரு பட்டனின் பின்னால் இருக்கும் சர்வீஸின் ஒரு ஓரம்.

சேருகிற முடிவெடுத்துவிட்டால் டீமைப் பார்த்துச் சேருங்கள், ஒரே கம்பெனிக்குள் இரண்டு டீம்கள் இரண்டு உலகம். ஆன்காலில், அதாவது சிஸ்டம் பழுதானால் உடனே எழுந்து பார்க்க வேண்டிய முறைவேலையில், போன மாதம் ராத்திரி எத்தனை தடவை பேஜர் (எச்சரிக்கை அழைப்பு) அடித்தது என்று வருங்கால மேனேஜரிடம் கேளுங்கள். எண்ணைச் சொன்னால், அது பெரிய எண்ணாகவே இருந்தாலும், மேற்கொண்டு பேசலாம். ‘அது சூழ்நிலையைப் பொறுத்தது’ என்று இழுத்தால் அடுத்த டீமைக் கேளுங்கள்.