இளையோரின் காது கேட்கும் கருவிகள்: காப்பீட்டுக் கட்டாயமும் நேரடி வழங்கலும்

அமெரிக்காவின் பல மாநிலங்கள், சிறுவர்களின் காது கேட்கும் கருவிகளுக்கான செலவைத் தனியார் காப்பீட்டுத் திட்டங்கள் ஏற்க வேண்டுமெனச் சட்டம் இயற்றியுள்ளன. ஆஸ்திரேலியாவில் 26 வயதுக்குட்பட்டோருக்கு, அரசுக்குச் சொந்தமான ஹியரிங் ஆஸ்திரேலியா என்ற அமைப்பே கருவியைப் பொருத்தித் தருகிறது.

முதல் வழியில் கருவூலத்துக்குச் செலவே இல்லை என்று எண்ணுவது எளிது. ஆனால் அது சரியன்று. 2010ஆம் ஆண்டின் கூட்டாட்சி மருத்துவக் காப்பீட்டுச் சட்டத்தின்படி, அடிப்படைப் பலன்களுக்கு மேலாக 2011க்குப் பின் ஒரு மாநிலம் கட்டாயமாக்கும் பலனுக்கு, தனிநபர் மற்றும் சிறு நிறுவனத் திட்டங்களில் கூடும் செலவைப் பொதுவாக அந்த மாநிலமே ஈடுகட்ட வேண்டும். அரசு ஊழியர்களின் காப்பீட்டையும் மாநிலத்தின் கட்டாயச் சட்டம் உள்ளடக்கினால், அதன் கட்டண உயர்வும் பொதுப்பணத்திலிருந்தே வரும். இத்தனைக்கும், தாமே செலவை ஏற்கும் பெருநிறுவனங்களின் திட்டங்கள் 1974ஆம் ஆண்டின் கூட்டாட்சிச் சட்டத்தால் மாநிலக் கட்டளைக்கு அப்பாற்பட்டவை. 21 வயதுக்குட்பட்ட ஏழைகளுக்கு மெடிக்கெய்டு என்ற அரசு மருத்துவக் காப்பீடு உண்டு. இடைநிலை வருமானக் குடும்பங்களே பெரும்பாலும் விடுபடுகின்றன.

ஆஸ்திரேலிய ஏற்பாடு, போரில் செவித்திறன் இழந்தோருக்காகவும் ரூபெல்லா தொற்றால் காது கேளாமல் பிறந்த குழந்தைகளுக்காகவும் 1947இல் தொடங்கியது. அங்கே செலவு வரவுசெலவுத் திட்டத்தில் வெளிப்படையாகத் தெரிகிறது. யாருடைய வேலையும் காப்பீடும் குறுக்கிடுவதில்லை. வளரும் குழந்தைக்குக் காதச்சு (கருவியைக் காதில் பொருத்த, காதின் வடிவில் வார்க்கப்படும் பகுதி) அடிக்கடி மாற்றப்பட வேண்டியிருப்பதால், இந்தத் தொடர்ச்சியே எனக்குப் பெரிதாகப் படுகிறது. எனினும் குழந்தைகளுக்கு அந்த ஒரே அமைப்பு என்பதால், பெற்றோருக்குத் தெரிவு குறைவு.