சேகோ என்று தேடினால் பனைமரம் வருகிறது

ஆத்தூர்ப் பக்கத்து ஆய்வு மாணவி ஒருவர், நான் வேலை பார்க்கும் கல்லூரி நூலகத்துக்கு வந்து கணினி முன்னால் உட்கார்ந்தார். சேகோ, அதாவது ஜவ்வரிசி, ஆலைக் கழிவுநீர்தான் அவருடைய ஆய்வுப் பொருள். வீட்டிலேயே குச்சிக்கிழங்கு, அதாவது மரவள்ளி, போடுகிறார்கள். ஆலை வாசலில் கிழங்கு லாரி வரிசை கட்டி நிற்பதைப் பார்த்தே வளர்ந்தவர். ஆங்கிலத்தில் 'சேகோ' என்று அடித்து எண்டர் தட்டினார். திரை முழுக்க சரவாக், பப்புவா நியூ கினி, சதுப்பு நிலத்தில் நிற்கும் பனைகள். "மேடம், நான் கிழங்கைக் கேட்டா இது மரத்தைக் காட்டுது" என்றார்.

கணினி மேல் தப்பில்லை. உலகத்துக்கு சேகோ என்றால் மெட்ரோசைலான் சாகு என்கிற பனையின் தண்டிலிருந்து எடுக்கும் மாவு. 1940களில் போரால் மலேயாச் சரக்கு வருவது நின்றபோது, சேலத்துக்காரர்கள் மரவள்ளி மாவை வைத்து அதே மாதிரி மணி உருட்டத் தொடங்கினார்கள். சரக்கு மாறியது, பெயர் ஒட்டிக்கொண்டது. 1981-ல் தொடங்கிய கூட்டுறவுச் சங்கத்துக்கும் சேகோசர்வ் என்றுதான் பெயர் வைத்தோம். ஊருக்குள் இதனால் ஒரு குழப்பமும் இல்லை. ஆய்வுக் கட்டுரைகளைத் தொகுத்து வைத்திருக்கும் தரவுத்தளத்துக்குள் நுழைந்தால்தான் வம்பு.

சரி, கையில் இருக்கும் சொல் உதவவில்லை என்றால் நல்ல சொல்லை எங்கே போய்ப் பிடிப்பது? மாணவர்கள் போகும் வழி நான்கு: சாதாரண ஒத்தசொல் அகராதி, தரவுத்தளத்தின் சொந்த தெசாரஸ் (எந்தப் பொருளுக்கு எந்தச் சொல் என்று அவர்களே முடிவு செய்து வைத்திருக்கும் பட்டியல்), கிடைத்த ஒரு நல்ல கட்டுரையிலிருந்து சொல் திருடுவது, இப்போது புதிதாக ஏஐ அரட்டை. என் ஓட்டு தெசாரஸுக்குத்தான். ஆனால் சேலத்துச் சரக்கைத் தேடும்போது அது பாதி வழியில் இறக்கி விட்டுவிடும் என்பதையும் இப்போதே சொல்லிவிடுகிறேன்.

முதலில் ஒத்தசொல் அகராதி. ஆங்கிலத்தில் ரோஜே 1852-ல் வெளியிட்டது இந்த வகைக்குப் பேர்போனது. இன்று அதன் பேரப்பிள்ளைகள் எல்லாம் போனிலேயே இருக்கின்றன. எழுதுகிறவருக்கு அது வரம். ஒரே சொல்லை இரண்டு வரியில் இரண்டு தடவை போடாமல் தப்பிக்கலாம். தேடுகிறவருக்கு வேண்டியது இதற்கு நேர் எதிர். கட்டுரைகளை வகைப்படுத்தி வைப்பவர், ஆயிரம் கட்டுரை வந்தாலும் ஆயிரத்துக்கும் ஒரே சொல்லைத்தான் போட நினைப்பார். நமக்கு வேண்டியது அந்த ஒரே சொல். அகராதியோ இருபது சொல்லை அள்ளிக் கொட்டுகிறது.

இதில் நானே ஒரு தடவை அசடு வழிந்திருக்கிறேன். செவ்வாய்ப்பேட்டை வெள்ளிப் பட்டறைகளில் கொலுசு செய்கிறவர்களின் உடல்நலம் பற்றித் தேட ஒரு மாணவர் வந்தார். 'ஆங்க்லெட்' என்று போட்டு உருப்படியாக ஒன்றும் வரவில்லை. நான்தான் ஒத்தசொல் பார்த்து, 'ஆங்கிள் பிரேஸ்லெட்' என்று போடச் சொன்னேன். வந்ததெல்லாம் ஜாமீனில் வெளியே வந்தவர்கள் காலில் மாட்டும் மின்னணுக் காப்பு பற்றிய கட்டுரைகள்! ஏற்காட்டு காபித் தோட்ட நிழல் மரங்கள் பற்றித் தேடியவருக்கும் இதே கதி. 'ஷேட்' என்ற சொல்லுக்கு அகராதி இருட்டு, மங்கல் என்று அடுக்கி, கடைசியில் ஆவி வரைக்கும் போய்விட்டது. சில்வர் ஓக் மரமும் அதில் ஏறிய மிளகுக் கொடியும் அந்தப் பட்டியலில் எங்கே வரும்? அவருக்கு வேண்டியிருந்தது 'ஷேட் ட்ரீஸ்', 'அக்ரோஃபாரஸ்ட்ரி' என்ற இரண்டே சொல்.

இந்த விஷயத்தில் நம் நிகண்டுக்காரர்கள் கெட்டிக்காரர்கள் என்பேன். சூடாமணி நிகண்டில் முதல் பத்துத் தொகுதிகள் ஒரு பொருளுக்கு எத்தனை பெயர் என்று சொல்கின்றன. பதினொன்றாவது தொகுதி, ஒரு சொல்லுக்கு எத்தனை பொருள் என்று தனியாகப் பிரித்துக் காட்டுகிறது. பன்னிரண்டாவது, பல பொருள் சேர்ந்த கூட்டத்துக்கு ஒரு பெயர். இன்றைய தரவுத்தள தெசாரஸ் செய்வதும் ஏறக்குறைய இந்த மூன்று வேலையைத்தான். நிகண்டு மனப்பாடத்துக்கு, இது தேடலுக்கு.

அந்த தெசாரஸ் எப்படி வேலை செய்கிறது என்று அந்த மாணவியோடு உட்கார்ந்து பார்த்ததையே சொல்கிறேன். மருத்துவக் கட்டுரைகளுக்கான பப்மெட்டில் மெஷ் என்றொரு சொற்பட்டியல் உண்டு. 1960-ல் தொடங்கி ஆண்டுதோறும் திருத்தப்படுவது. அதில் மரவள்ளியின் ஆங்கிலப் பெயரான 'கஸாவா' என்று அடித்தால், அந்தச் சொல்லை வைத்துக்கொள்ளாமல் 'மனிஹாட்' என்ற தலைப்புக்கு நம்மை அனுப்பிவிடுகிறது. 'ஹார்ட் அட்டாக்' என்றால் 'மயோகார்டியல் இன்ஃபார்க்ஷன்'. 'கேன்சர்' என்றால் 'நியோபிளாசம்ஸ்'. நாம் எதைச் சொன்னாலும் அவர்கள் வீட்டுப் பெயர் என்னவென்று காட்டிக்கொடுக்கிறது. கூடவே இந்தத் தலைப்புக்கு மேலே எந்தப் பெரிய தலைப்பு, கீழே எவை, பக்கத்தில் எவை என்ற உறவுமுறையும் வரும். பெரிய தலைப்பைத் தேர்ந்தெடுத்தால் அதன் கீழ் உள்ள சின்னத் தலைப்புகளையும் பப்மெட் தானே சேர்த்துத் தேடும். ஒத்தசொல் அகராதி எவ்வளவு தடிமனாக இருந்தாலும் இதைச் செய்யாது.

வேளாண்மைக்கு ஐ.நா. உணவு வேளாண்மை நிறுவனத்தின் அக்ரோவாக் இருக்கிறது. பல மொழிகளில், காசில்லாமல், யார் வேண்டுமானாலும் திறந்து பார்க்கலாம். கல்வியியலுக்கு எரிக். பி.எட். மாணவர்கள் 'நூன் மீல்' என்று போட்டு அதில் அலைவார்கள். அங்கே அதற்கு 'லன்ச் புரோகிராம்ஸ்' என்று பெயர்.

தெசாரஸின் அருமை எனக்கு உறைத்தது மாவுப்பூச்சி விஷயத்தில். மரவள்ளியில் வெள்ளையாக ஒட்டியிருக்கும் எதையும் நம் பக்கத்தில் மாவுப்பூச்சி என்றே சொல்வோம். ஆனால் இந்த மண்ணை அடித்தவை இரண்டு வேறு பூச்சிகள். 2008-ல் கோவையில் தென்பட்டு, பப்பாளி, மல்பெரியோடு மரவள்ளியையும் பிடித்தது பாராகாக்கஸ் மார்ஜினேட்டஸ். அதை அடக்கியது 2010-ல் புவேர்ட்டோ ரிக்கோவிலிருந்து வந்த ஒரு குட்டி ஒட்டுண்ணிக் குளவி. 2020-ல் கேரளத்தில் கண்டு, பிறகு சேலம், நாமக்கல்லை உலுக்கியது ஃபெனகாக்கஸ் மனிஹாட்டி. இதற்குப் பெனின் நாட்டிலிருந்து வேறொரு குளவியைக் கொண்டுவந்து 2022-ல் ஏத்தாப்பூர் ஆராய்ச்சி நிலையத்தில் விட்டார்கள். பூச்சி வேறு, குளவி வேறு, கதையும் வேறு. 'மீலிபக்', 'டேப்பியோக்கா' என்று பொதுவாகப் போட்டால் இரண்டும் கலந்து வரும்; பாதிக் கட்டுரை படித்த பிறகுதான் இது அது இல்லை என்று தெரியும். தெசாரஸில் மாவுப்பூச்சிக் குடும்பத்தைத் திறந்து கீழே இறங்கினால் இனம் இனமாகப் பிரிந்து நிற்கிறது. எது வேண்டும் என்று நம்மையே கேட்கிற மாதிரி.

இனி அதன் குறைகள். முதல் குறை, அது பிந்தி வரும். ஒரு புதுச் சங்கதி தலைப்பாக ஏறக் காலம் பிடிக்கும். அதுவரை வந்த கட்டுரைகளைச் சாதாரணச் சொல்லால்தான் பிடிக்க வேண்டும். போன வாரம் வந்த கட்டுரைக்குத் தலைப்பே ஒட்டாமலும் இருக்கலாம். 2022 முதல், பப்மெட்டின் பெரும்பகுதியான மெட்லைனில் தலைப்பு ஒட்டும் வேலையைப் பெரும்பாலும் நிரலே செய்கிறது, ஆட்கள் சிலவற்றைச் சரிபார்க்கிறார்கள். அதனால் ஒட்டிய சீட்டை அப்படியே நம்பிவிடாமல் சுருக்கத்தையும் ஒரு கண் பார்த்துக்கொள்வது நல்லது.

இரண்டாவது குறை பெரியது. ஒரு தரவுத்தளத்தின் சொல் அடுத்ததில் செல்லாது. 'மனிஹாட்' பப்மெட்டில் ராஜா. கூகுள் ஸ்காலரில் அதுவும் பத்தோடு பதினொன்று, ஏனென்றால் அங்கே தெசாரஸே கிடையாது. நம் நாட்டு ஆய்வேடுகள் கிடக்கும் ஷோத்கங்காவில் கதை தலைகீழ். ஆய்வேட்டுக்குத் தலைப்பு வைத்தவர் நம் ஊர்க்காரர். அவர் 'சேகோ இண்டஸ்ட்ரி, சேலம்' என்றுதான் எழுதியிருப்பார். வெளியே பனைமரத்தைக் காட்டிய அதே தப்பான சொல் இங்கே சரியான சொல்லாகிவிடுகிறது. இதைத் தெரியாமல் தெசாரஸ் சொல்லையே எல்லா இடத்திலும் போட்டு, நம் ஊரைப் பற்றி யாரும் எழுதவே இல்லை என்று முடிவுரையில் எழுதிவிடுகிற மாணவர்களைப் பார்த்திருக்கிறேன்.

மூன்றாவது வழிக்கு நூலகர்கள் 'முத்து வளர்ப்பது' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். எனக்கு ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பதுதான் நினைவுக்கு வரும். எப்படியாவது ஒரே ஒரு நல்ல கட்டுரையைப் பிடித்து, அதற்கு ஒட்டியிருக்கும் தலைப்புகளையும் ஆசிரியர் போட்ட திறவுச்சொற்களையும் எடுத்து மறுபடி தேடுவது. தெசாரஸ் இல்லாத இடத்தில் இதை அடிக்க ஆளில்லை.

சேகோ ஆலைகளில் மாவு பிழிந்த பிறகு மிஞ்சும் சக்கைக்குத் 'திப்பி' என்று பெயர். வெயிலில் காயப்போட்டு மாட்டுத் தீவனத்துக்கு விற்பார்கள். இதற்கு ஆங்கிலம் என்ன என்று மாணவி கேட்டார். ஒத்தசொல் அகராதியில் அந்தச் சொல்லே கிடையாது. தெசாரஸில் எங்கே தொடங்குவது என்று தெரியவில்லை. 'திப்பி' என்பதையே ஆங்கில எழுத்தில் அடித்துத் தமிழ்நாட்டுக் கட்டுரை ஒன்றைப் பிடித்தோம். அதன் திறவுச்சொல் வரிசையில் 'கஸாவா பகாஸ்' என்று இருந்தது. இந்த ஊரில் பகாஸ் என்றால் கரும்புச் சக்கை. நாங்களாக யோசித்திருந்தால் ஆயுசுக்கும் அந்தச் சொல் வந்திருக்காது. அதைப் போட்டதும் பிரேசில் திறந்தது. அங்கிருந்து ஒரு கட்டுரையைப் பிடித்துப் போனால் தாய்லாந்து. அங்கே 'கஸாவா பல்ப்'. ஒரே சக்கை, மூன்று நாடு, மூன்று பெயர்.

ஏஐ அரட்டை பற்றி அதிகம் சொல்ல எனக்கு மனமில்லை. சொற்களைப் பட்டியல் போட்டுத் தருவதில் வேகம். முதல் பத்து நிமிடத்துக்கு உதவும். ஆனால் மெஷ் தலைப்பு என்று அது அடித்துச் சொன்னதை மெஷ்ஷில் போய்ப் பார்த்தால் சில நேரம் அப்படி ஒன்று இருக்காது. கேட்டு வாங்கிக்கொண்டு தெசாரஸில் ஒவ்வொன்றாகச் சரிபார்ப்பவருக்குப் பரவாயில்லை.

நான்கில் எதுவும் உதவாத இடமும் உண்டு: ஊர்ப்பெயர். சேர்வராயன், செர்வராயன், ஷெவராய், ஏற்காடு என்று ஒரே மலையை ஆளுக்கொரு விதமாக எழுதியிருக்கிறார்கள். பழைய நிலவியல் கட்டுரைகளில் பெரும்பாலும் ஷெவராய்தான். சேலத்தில் நாம் வெள்ளைக்கல் என்று சொல்லும் மேக்னசைட் கிடைக்கும் மேடுகளுக்குப் பிரிட்டிஷ் காலத்து அறிக்கைகளில் 'சாக் ஹில்ஸ்' என்று பெயர். வெள்ளையாகத் தெரிந்ததால் வைத்த பெயர், 'சாக்' என்கிற சுண்ணாம்புக் கல்லுக்கும் அதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. மேக்னசைட் என்று மட்டும் தேடுகிறவருக்கு அந்த அறிக்கைகளில் சில கண்ணில் படாமலே போகும்.

கடைசியில் மாணவியின் தேடல் இப்படி அமைந்தது. பப்மெட்டில் 'மனிஹாட்' தலைப்பு; அதோடு 'ஆர்' (அல்லது) போட்டு கஸாவா, டேப்பியோக்கா, மேனியாக் என்ற சாதாரணச் சொற்கள், தலைப்பு ஒட்டாத புதுக் கட்டுரைகளுக்காக. அந்த மூட்டையை 'ஆண்ட்' (மற்றும்) போட்டு, கழிவுநீருக்கான 'வேஸ்ட்வாட்டர்', 'எஃப்ளூயண்ட்' மூட்டையோடு கட்டினோம். வேளாண் தரவுத்தளத்தில் அதன் சொல்லுக்கு மாற்றினோம். ஷோத்கங்காவில் வெறும் 'சேகோ', 'சேலம்'. கொலுசு மாணவருக்கும் பிறகு இதே மாதிரிதான் ஆயிற்று. கொலுசு என்ற ஒரு சொல்லை விட்டுவிட்டு வெள்ளி, பற்றவைப்பு, 'ஆக்குபேஷனல் எக்ஸ்போஷர்' என்று மூன்றாக உடைத்தோம்.

எல்லாம் முடிந்து எழும்போது அவர் கேட்டார்: "தமிழ்லயே தேடுனா மேடம்? பழைய விவசாயப் பத்திரிகை ஏதாவது?" தமிழ் மின்னூலகத்தைத் திறந்தோம். மரவள்ளி போட்டோம். தெற்கே மரச்சீனி என்பார்கள் என்று எனக்குத் தெரியும், அதையும் போட்டோம். அப்புறம் இரண்டு பேருக்கும் சொல் தீர்ந்துவிட்டது. அவர் வாசலுக்குப் போய்ப் பாட்டிக்குப் போன் போட்டார். திரும்பி வந்து துண்டுச் சீட்டில் எழுதினார்: குச்சிவள்ளி, ஆள்வள்ளி. "ளவா ழவான்னு பாட்டிக்கே தெரியலையாம், ரெண்டுலயும் தேடிருவோம்" என்றபடி மறுபடி உட்கார்ந்தார்.